ஆறாம் நம்பர் பிரஷ்

சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கிற அளவுக்கு இருக்கிறது, ஆனால் இப்போது கிடையாது. இப்போது சிரித்தால் ஒன்றரை மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் புஸ்ஸென்று போய்விடும். தமயந்தி, கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொள், சுவரைப் பார், காலண்டரைப் பார், அப்பாவை மட்டும் பார்க்காதே. அப்பா கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் பழைய துண்டு, துண்டின் மேல் ஏழு மீசை, இரண்டு தாடி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மற்ற வீட்டு அப்பாக்கள் தூங்குவார்கள், சாலிகிராமத்தில் மேக்கப் கோதண்டம் மீசை கழுவுவார். வாரம் பூராவும் ஷூட்டிங்கில் யார் யார் உதட்டின் மேலேயோ ஒட்டியிருந்தவை, பசை காய்ந்து மொறமொறவென்று வந்திருக்கும், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு முடியாக நீவி எடுக்க வேண்டும். ஃபேன் போடக்கூடாது. போட்டால் மீசை பறக்கும். ஒரு தடவை பறந்து போய் அம்மாவின் ரசத்தில் விழுந்தது. அதைச் சொல்லி இப்போதே சிரித்துவிடலாம், ஆனால் நான் சொன்ன சிரிப்பு அது இல்லை, பொறுங்கள். வியர்க்கிறது. ஸ்பிரிட் வாசனை மூக்கின் மேல்பகுதியில் போய்க் குந்திக்கொண்டது. என் பேண்ட்டின் இடது பாக்கெட்டில் ரிமோட்டிலிருந்து கழற்றிய இரண்டு பேட்டரி, நடந்தால் ஒன்றோடொன்று மோதும், அதனால் நான் நடக்கவில்லை. வலது பாக்கெட்டில் என்ன என்பதை அப்புறம் சொல்கிறேன். “சேனலை மாத்துடி, பழைய பாட்டு வரும்” என்றார் அப்பா. “ரிமோட் வேலை செய்யலப்பா.” “டிவியில அமுக்கு.” “அந்தப் பட்டன்தான் போன மாசமே உள்ள போயிடுச்சே.” இது உண்மை, உண்மையைச் சொல்லும்போது என் குரல் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒரே துண்டை மூன்றாவது தடவையாக மடிக்கிறாள்.

தொடரின் தொடக்கப் பாட்டு வந்துவிட்டது, ஆரம்பிக்கப் போகிறது. ஜப்பானில் ஒரு கடலோர ஊர், சரிவில் ஓட்டு வீடுகள், மேலே வானம், வானம் பூராவும் காற்றாடி. கென்சோ என்று ஒரு கிழவர். அவர் வேலை காற்றாடியில் முகம் வரைவது. மீன் பிடிக்கப் போனவர்கள் வெகுதூரத்திலிருந்து பார்த்தாலும் அவரவர் வீட்டு முகம் தெரிய வேண்டும், அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகக் காற்றாடி. “மறுபடியும் பொம்மைப் படமா?” “பொம்மைப் படம் இல்லப்பா, அனிமே.” “அனிமேயோ ஆஞ்சநேயரோ, கண்ணைப் பாரு, காபி சாஸர் மாதிரி. மூக்கு எங்கடி? கொசு உக்காந்த மாதிரி ஒரு புள்ளி. இதுக்கு நான் எங்க பவுடர் போடறது?” இந்தச் சண்டை எங்கள் வீட்டில் நான் ஏழாவது படிக்கும்போது தொடங்கியது. ஒருநாள் கோபத்தில், விக் மாட்டி வைக்கிற தெர்மாகோல் தலைகள் ஆறுக்கும் ஸ்கெட்ச் பேனாவால் சாஸர் கண் போட்டு, உள்ளே நட்சத்திரம் வைத்து, அலமாரியில் திருப்பி வைத்துவிட்டேன். காலையில் அப்பா அலமாரியைத் திறந்து “யப்பா” என்று பின்னால் போனது இன்னும் காதில் இருக்கிறது, அந்த “யப்பா”வை அப்படியே அவர் குரலில் எடுப்பேன், ஆனால் எடுக்கக்கூடாது, அது வேறு கதை. கண்களை அவர் அழிக்கவில்லை. இப்போதும் அலமாரியில் ஆறு பேர் நட்சத்திரக் கண்ணோடு விக் மாட்டிக்கொண்டு எங்களைத்தான் பார்க்கிறார்கள். அப்பா கட்சி என்னவென்றால், முகம்தான் சினிமா. ஒரு பெரிய நடிகர் அழுகிற காட்சி, அப்பா கிளிசரினோடு தயாராக நிற்கிறார், வேண்டாம் என்று கை காட்டிவிட்டு அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாராம், கண்ணில் ஒன்றும் வரவில்லை, ஆனால் கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு நரம்பு, ஒரே ஒரு நரம்பு, துடித்ததாம். “அதை டைரக்டர் சொல்லல. அவரும் நினைச்சுப் பண்ணல. தானா வந்தது. அதை எவன்டி வரைவான்?” இங்கேதான் நான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வேன். என் கட்சிக்கு நிறைய பாயிண்ட் இருக்கிறது. காற்று. சினிமாவில் காற்று என்றால் ஃபேன்காரர், ஹீரோயின் முடி பறக்கும், பின்னால் மரத்தில் ஒரு இலைகூட அசையாது. இதில் பாருங்கள், கென்சோ கதவைத் திறந்ததும் முதலில் திரைச்சீலை, அப்புறம் மேஜையில் காகிதம், அப்புறம் அவருடைய புருவ முடி, காற்று எங்கே எப்போது வந்து சேர வேண்டும் என்று யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சட்டியில் குழம்பு கொதிக்கிறதைக்கூட யாரோ பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், பசிக்கிறது. தற்செயலாக ஒன்றுமே கிடையாது. இதைச் சொன்னால் அப்பா சொல்வார், “அதைத்தான் நானும் சொல்றேன். தற்செயலா ஒண்ணுமே கிடையாது.” அந்த நரம்பு. எங்கே சுற்றினாலும் அந்த நரம்பில் வந்து தடுக்கும்.

இதோ. கென்சோ வாயைத் திறக்கிறார். தமயந்தி, மூச்சு விடாதே. “இன்னைக்குக் காத்து தெக்குலேந்து வருது. வால் நீளமா வைக்கணும்.” குரல் வந்துவிட்டது, கூடம் பூராவும் கனமாக, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி, வந்து ஸ்பிரிட் வாசனையோடு கலந்து நிற்கிறது. அப்பா நிமிரவில்லை. மீசையை நீவிக்கொண்டே, “யாரோ நாடகக்காரன்” என்றார். “வெத்தலை போடற ஆளு. கொஞ்சம் அலட்டறான்.” அம்மா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். “என்னாடி, தும்மலா?” “தூசுங்க” என்றாள் துண்டுக்குள்ளிருந்து. ஐயோ. வெற்றிலை போடுகிற ஆள்! அலட்டுகிறான்! இருபத்தோரு வருஷமாக இந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிற அம்மாவுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, கீழ்வீட்டு அக்காவுக்குப் போன வாரம் முன்னோட்டம் போட்டபோதே தெரிந்துவிட்டது, மாடிப்படியில் என்னை நிறுத்தி “ஏன்டி, உங்கப்பா எப்படி டிவியில போனாரு?” என்று கேட்டாள், அவள் வாயை மூட நான் நாலு முறுக்கு தண்டம் அழுதேன். உலகத்தில் கோதண்டம் குரலைத் தெரியாத ஒரே ஆள் கோதண்டம். எனக்கும் அப்படித்தான், முதல் தடவை ஹெட்போனில் என்னைக் கேட்டபோது யார் இந்தக் கட்டைக் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். நம் குரல் நமக்கு எலும்பு வழியாக வருகிறதாம், வெளியே போய்ச் சுற்றிவிட்டு வந்தால் அடையாளம் தெரியாத விருந்தாளி. என்னுடையது கட்டைக் குரல்தான். போனை எடுத்தால் “சொல்லுங்க சார்” என்பார்கள். நானும் சாராகவே பேசிவிடுவேன். தண்ணி கேன் போடுகிறவர், பள்ளிக்கூட ஹெச்.எம்., ரயில் நிலைய அறிவிப்பு, கீழ்வீட்டு அக்கா, அவள் வளர்க்கும் கிளி, எல்லாரும் என் தொண்டையில் வரிசையாக நிற்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ரொம்ப நாள் முன்னால் அப்பா கேட்டார், “எல்லாரையும் எடுக்கிற. நீ பேசினா எப்படி இருக்கும்?” நான் உடனே அந்தக் கேள்வியையே அவர் குரலில் திருப்பிச் சொன்னேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பு எங்கேயும் ஓடிப் போகாது. போன வருஷம் மேக்கப்காரர்கள் குடும்ப விழா, கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர், மேடையில் நான். பதினோரு குரல் எடுத்தேன், பதினொன்றுக்கும் விசில். இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. முதுகை வளைத்தேன், மைக் ஸ்டாண்டை ஒரு பெரிய நடிகராக நினைத்துக்கொண்டேன், ஒரு பேனாவைப் பல்லில் கடித்தேன், “ஐயா, கொஞ்சம் முகத்தைக் குடுங்கய்யா.” அவ்வளவுதான், மண்டபம் இடிந்தது. அப்பா வேலை செய்யும்போது இரண்டு கையும் நடிகரின் தோலை இழுத்துப் பிடித்திருக்கும், பிரஷ் பல்லுக்கு நடுவில், அதனால் ‘ஸ்’ என்று காற்று கசியும், ‘ங்க’ ஒன்று ஈரமாக வரும். எல்லாருக்கும் தெரிந்த குரல். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆட்டோவில் வரும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பதினோரு நாள். “அவளைச் சாப்பிடச் சொல்லு.” “அவ வந்தா கதவைத் தாழ் போடச் சொல்லு.” அம்மா வழியாகத்தான் எல்லாம். பன்னிரண்டாவது நாள் அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அவங்க நாற்காலியில உக்காந்திருப்பாங்க, குனிஞ்சாத்தான் எனக்கு முகம் எட்டும். அது பயம் இல்லடி, பாப்பா. அது வேலை.” அப்புறம், “ஊர்ல எவன் குரலை வேணா எடுத்துக்க. என்னுத விட்டுடு.” அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் கையில் கொஞ்சம் டை ஒட்டியது. அந்தச் சத்தியம்தான் இப்போது டிவியில் காற்றாடிக்கு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சிரிப்பைத் தள்ளித் தள்ளி வைக்கிறேனோ என்னவோ. நாளைக்கு டப்பிங் நடத்துகிற ஹேமா மேடத்திடம் பதில் சொல்ல வேண்டும், இன்னும் இருபது எபிசோடுக்கு நான்தான் கென்சோவா இல்லையா என்று. அப்பா மறுபடியும் பதினோரு நாள் ஆரம்பித்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். முடிவு பண்ணிவிட்டேன். பண்ணிவிட்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆடுகிற பல்லை நாக்கு தொடுகிற மாதிரி.

விளம்பரம். சோப்பு, பிஸ்கட், மறுபடியும் சோப்பு. “இந்த சபேசனை இனிமே செட்டுக்குக் கூட்டிப் போறதா இல்ல” என்கிறார் அப்பா மீசைகளிடம். சபேசன் அண்ணன் அப்பாவின் அசிஸ்டென்ட், பாவம். “ஆறாம் நம்பர் பிரஷ்ஷைத் தொலைச்சிட்டு, நான் பாக்கவே இல்லண்ணேங்கறான். பதினாலு வருஷ பிரஷ். சுருக்கம் போடறதுக்கு அது மாதிரி வராது.” என் வலது தொடையில் வலது பாக்கெட் சுடுகிறது. சரி, சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து, அம்மா கையெழுத்துப் போட்டு, கூட்டத்தில் கத்துகிற பிள்ளைகள் குரலுக்காகத்தான் டப்பிங்குக்குப் போனேன். கென்சோவுக்குப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடைவேளையில் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து “ஐயா, கொஞ்சம் முகத்தைக் குடுங்கய்யா” என்றேன், பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று. சத்தியம் ஞாபகம் இருந்தது. அப்பாவுக்கு எங்கே கேட்கப் போகிறது என்பதும் ஞாபகம் இருந்தது. மைக் அணைந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹேமா மேடம் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். “யாரது? அந்தக் கிழவர் யாரு?” என் குரலைச் சவுண்டுகாரர் ஒரு இழை கீழே இறக்கினார், கென்சோ வந்துவிட்டார். நிஜ மனிதர்கள் நடித்த படத்துக்கு டப்பிங் பேசினால் உதடு பாடாய்ப் படுத்தும், அங்கே உதடு ஒட்டினால் இங்கே ‘ப’வோ ‘ம’வோ வந்தே தீர வேண்டும், வார்த்தை கிடைக்காமல் நெற்றி வியர்க்கும். அனிமேயில் வாய் மூன்றே விதம்: மூடினது, பாதி, முழுசு. எந்த வார்த்தையையும் உள்ளே வைக்கலாம். ஆனால் கென்சோ பாதி நேரம் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறார். பென்சிலைக் கடித்துப் பார்த்தேன், வரவில்லை. ஸ்ட்ரா, ஐஸ் குச்சி, வரவில்லை, நுனிப் பல்லில் நிற்கிறதே தவிர குரல் நம்பவில்லை. மறுநாள் அப்பா பெட்டியைத் திறந்தேன். ஆறாம் நம்பர் பிரஷ்ஷின் கட்டையில் பதினாலு வருஷத்துப் பல் தடம், ஒரு பள்ளம், என் பல் அதில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் என் தாடை அப்பாவின் தாடையாகிவிட்டது. ‘ஸ்’ தானாகக் கசிந்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மண்டபத்தில் நான் எடுத்தது அவருடைய முதுகை. இங்கே வந்தது வேறு என்னவோ. வசனம் முடிந்தும் படத்தில் வாய் இன்னும் இரண்டு தடவை அசையும், அந்த இடைவெளியை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். நான் யோசிக்கவில்லை, பிரஷ்ஷுக்கு நடுவே ஒரு மூச்சு போனது, போகும்போது நடுங்கியது. நான் சொல்லவில்லை, நான் நினைத்துப் பண்ணவில்லை. அந்த நரம்பு, அப்பா! வரைய முடியாதது குரல் வழியாக உள்ளே வந்து விடுகிறது! இதைச் சண்டையில் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன். சொல்ல முடியாத இடத்தில் ஜெயித்து உட்கார்ந்திருக்கிறேன். பிரஷ்ஷைத் திருப்பி வைப்பதற்குள் அவர் தேடத் தொடங்கிவிட்டார், எனக்கோ அப்போது இன்னும் ஐந்து நாள் ரெக்கார்டிங் பாக்கி, அதனால் அது இன்னும் என் வலது பாக்கெட்டிலேயே இருக்கிறது. சபேசன் அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் குரலில் இரண்டு தடவை போன் செய்து கெட்ட பெயர் வாங்கித் தந்ததற்கும் சேர்த்து.

தொடர் திரும்ப வந்துவிட்டது. கென்சோவின் மகள் பட்டணத்துக்குப் போகிறாள், சாயங்கால ரயில், அதற்குள் அவள் முகத்தைக் காற்றாடியில் வரைந்துவிட வேண்டும். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கிழவர் அவளுக்கு முன்னால் குனிகிறார். அந்தக் குனிவை வரைந்த ஜப்பான்காரர் யாரோ, அவர் சாலிகிராமம் பக்கம் வந்ததே இல்லை, எப்படி இடது தோளைக் கொஞ்சம் கீழே இறக்கினார்? அப்பாவின் பஞ்சு நின்றது. நான் பார்க்கவில்லை, ஸ்பிரிட் சொட்டுவது நின்றதைக் காது பார்த்தது. “இவன் கை வைக்கிறது சரியா இருக்கு” என்கிறார். “பாரு, முதல்ல நெத்தி. நெத்தியிலதான் ஆரம்பிக்கணும். தெரிஞ்சவன்தான் வரைஞ்சிருக்கான்.” பொம்மைப் படத்தில்! அம்மா, கேட்டாயா? அம்மா கேட்டாள், கண்ணால் என்னை ஒரு குத்து குத்தினாள், அடங்கு என்று. கென்சோ கோடு போடுகிறார், அப்பா பார்க்கிறார். அவரும் முப்பது வருஷமாக முகத்தின் மேல் கோடு வரைகிறவர்தானே, இருபத்தைந்து வயசுப் பையன் நெற்றியில் நாலு கோடு போட்டுத் தாத்தாவாக்குகிறவர், இவர் எந்தக் கட்சி என்று யார் சொல்வது. “அந்த நாடகக்காரன்கூடப் பரவாயில்ல” என்றார் மெதுவாக. “அலட்டறான்னு நினைச்சேன். உள்ள ஏதோ இருக்கு அந்த ஆளுக்கு.” என் தொண்டையில் வரிசையாக நிற்கிற எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், கிளிகூட. சந்தோஷமாக இருக்கிறது, இந்த வெக்கையிலும், இந்த வாசனையிலும், பயத்தோடும் சந்தோஷமாக இருக்கிறது. கண்டுபிடிக்கவே வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று ஒரு பக்கம். ஐயோ கண்டுபிடியேன்பா என்று இன்னொரு பக்கம்.

வெளியே மேகம் மூடி வெளிச்சம் குறைகிறது. அப்பா ஒரு தாடியை எடுத்து மடியில் விரித்து, இரண்டு கையாலும் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, புதுப் பிரஷ்ஷைப் பல்லில் கடித்தபடி சொல்கிறார், “அமிர்தம், லைட்டைப் போடு, முடி தெரியல.” அது முடிந்த கையோடு டிவியிலிருந்து கென்சோ, பிரஷ்ஷைப் பல்லில் கடித்தபடி, “கொஞ்சம் முகத்தைக் குடும்மா. இன்னும் முடியல.” அதே ‘ஸ்’. அதே ஈரம். ஒரு குரல் ஆரம்பித்து இன்னொரு குரல் முடித்த மாதிரிகூட இல்லை, ஒரே ஆள் கூடத்தைத் தாண்டிப் போய்ப் பேசின மாதிரி. அம்மா எழுந்தவள் எழுந்தபடி நிற்கிறாள், சுவிட்சில் கை போகவில்லை. அப்பா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கிறார். அதைப் பார்க்கிறார். திரும்பவும் கடித்துக்கொள்கிறார், மெல்ல, யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி, “முகத்தைக் குடும்மா” என்று சொல்லிப் பார்க்கிறார். காதை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிறார். டிவியில் மகள் “போதும்ப்பா, ரயில் வந்துடும்” என்கிறாள். கிழவரின் வாய் மட்டும் இரண்டு தடவை அசைகிறது, அந்த இடைவெளியில் அந்த மூச்சு, நடுங்கிக்கொண்டு போகிறது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அலமாரியில் இருக்கிற ஆறு தலைகளைப் பார்க்கிறார், அம்மாவின் துண்டைப் பார்க்கிறார், அப்புறம்தான் என்னை. அந்த ஆட்டோ, அந்த ரோடு, பதினோரு நாள், எல்லாம் ஒரு சுற்று சுற்றி வருகிறது. முகத்தில் ஒன்றுமே இல்லை. காதுக்குக் கீழே மட்டும் ஒன்று துடிக்கிறது, அது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. “அப்பா” என்றேன், யார் குரலிலும் இல்லாமல், எப்படி இருந்தது என்று கவனிக்கவில்லை. அவர் மடியிலிருந்த தாடி நடுங்க ஆரம்பித்தது. முதலில் தாடி, அப்புறம் வயிறு, அப்புறம் தோள். காற்றே இல்லாத கூடத்தில் ஏழு மீசையும் துள்ளின, ஒன்று தரையில் விழுந்தது, அம்மா துண்டை வீசிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு டிவியை நோக்கி விரலை நீட்டினார். “ஏண்டி, அந்தக் கிழவன் வாயில இருக்கறது என் ஆறாம் நம்பர் பிரஷ்தானே?”